கம்ப்யூட்டர் சப்ளையரின் பாதுகாப்பை எடை போடுவது எப்படி?

மளிகைக் கடையானாலும் இரும்புக் கடையானாலும், எடைக்கல்லில் அரசு முத்திரை இல்லையென்றால் அந்த எடையை யாரும் நம்பமாட்டார்கள். இது வணிகத்தின் பால பாடம். ஆனால் கம்ப்யூட்டர், கேமரா, ரூட்டர், பிரிண்டர் என்று வாங்கும்போது மட்டும் நாம் விலையைக் கேட்கிறோம், வாரண்டியைக் கேட்கிறோம், வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுப்பார்களா என்று கேட்கிறோம். கொடுப்பவர் எந்த அளவுக்குப் பாதுகாப்பானவர் என்று கேட்பதில்லை. கேட்கத் தோன்றினாலும் எந்தக் கல்லை வைத்து எடை போடுவது என்று தெரிவதில்லை.

இதில் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, விற்கிற வணிகருக்கும் பெரிய அக்கறை இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சாதன வியாபாரம் செய்கிற நமது உறுப்பினர்கள் வருங்காலத்தில் ஆர்டரைத் தக்கவைத்துக் கொள்வார்களா, பெங்களூருக்கு விட்டுக் கொடுப்பார்களா என்பதே இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. எனவே கடைக்காரர்களும், அவர்களிடம் வாங்கும் தொழில் முனைவோரும் சேர்ந்து படிக்க வேண்டிய கட்டுரை இது.

எல்லையில் நடக்கும் வியாபாரம்

1971இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டு, பின்னர் ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றி லேத் பட்டறை, அச்சு வார்ப்பு, பிளாஸ்டிக் மோல்டிங், பேக்கிங் என்று சிறு தொழில்கள் பெருகின. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அண்மை ஆண்டுகளில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஓசூர் பக்கமும், ஓலா எலெக்ட்ரிக் போச்சம்பள்ளியிலும் ஆலை அமைத்துள்ளன. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகளும் கிரானைட் தொழிலும், ஓசூரைச் சுற்றி ஏற்றுமதிக்கு ரோஜா வளர்க்கும் பண்ணைகளும் உள்ளன. இன்று இவை எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. சி.என்.சி. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, கணக்குப்பிள்ளை மேஜையில் ஒன்று, கேட்டில் கேமராப் பெட்டி ஒன்று.

இந்தச் சாதனங்கள் எங்கிருந்து வருகின்றன? ஓசூரிலிருந்து சூசூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகச் சென்றால் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு, அங்கே எஸ்.பி. ரோடு இருக்கிறது. சென்னை ரிச்சி தெரு 300 கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே நம்மவர்களில் பலர் கர்நாடகத்தில் கொள்முதல் செய்து தமிழ்நாட்டில் விற்கிறார்கள். பெங்களூரிலிருந்து வந்தால் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், உள்ளூரில் வாங்கினால் சி.ஜி.எஸ்.டி. 9, எஸ்.ஜி.எஸ்.டி. 9. வரியைப் பொறுத்தவரை வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றே, உள்ளீட்டு வரி வரவு இரண்டிலும் கிடைக்கும். எனவே பெரிய ஆலை நினைத்தால் ஓசூர் கடையை விட்டுவிட்டு நேராகப் பெங்களூரு கம்பெனியிடமே வாங்கலாம். நம் கடையில் ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு இதுவரை இருந்த பதில், "கூப்பிட்டால் அரை மணியில் வந்து நிற்போம்" என்பது. இனி அந்தப் பதில் மட்டும் போதாது.

காரணம், பெரிய ஆலைகள் தங்களுக்கு உதிரிபாகம் தரும் சிறு நிறுவனங்களிடம் சைபர் பாதுகாப்பு பற்றிய கேள்வித்தாளை அனுப்பும் வழக்கம் உலகெங்கும் பரவி வருகிறது. "உங்கள் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர் யார்? வெளியிலிருந்து அவர் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வர முடியுமா? அவருடைய ஆட்கள் யார் யார்?" என்றெல்லாம் அதில் கேட்பார்கள். அந்தத் தாள் கடைசியில் வந்து சேரும் இடம் நம் கம்ப்யூட்டர் கடையின் மேஜைதான். பதில் எழுதத் தெரிந்த கடைக்கு ஆர்டர் நிலைக்கும்.

சிறியவர் வழியாகப் பெரியவருக்கு

இந்தக் கேள்வித்தாள்கள் வீண் சம்பிரதாயம் அல்ல. நடந்த சம்பவங்களைப் பார்த்தாலே காரணம் புரியும்.

ஜப்பானில் டொயோட்டாவுக்கு உதிரிபாகம் தரும் கொஜிமா என்ற நிறுவனம் 2022 பிப்ரவரி இறுதியில் சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் விளைவாக மார்ச் 1ஆம் தேதி ஜப்பானில் 14 தொழிற்சாலைகளில் 28 உற்பத்தி வரிசைகளை டொயோட்டா நிறுத்தியது. ஒரே நாளில் ஏறத்தாழ 13,000 வண்டிகளின் உற்பத்தி பாதிக்கப்பட்டது. திருடன் நுழைந்தது டொயோட்டாவின் கதவு வழியாக அல்ல; கொஜிமாவின் கதவு வழியாகக்கூட அல்ல. கொஜிமாவின் துணை நிறுவனம் ஒன்று, வெளி நிறுவனத்தோடு தொலைவிலிருந்து இணைப்பதற்காக வைத்திருந்த ஒரு சாதனத்தின் ஓட்டை வழியாக நுழைந்தான்.

அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய அங்காடி நிறுவனத்தில் 2013 இறுதியில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடு போனது. அங்கே உள்ளே போகப் பயன்பட்டது, குளிர்சாதன வேலை செய்து வந்த ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் பாஸ்வேர்டு.

நம் நாட்டிலேயே 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக ஏறத்தாழ 300 வங்கிகளின் பணப்பரிமாற்றச் சேவை தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. இந்தச் சங்கிலியிலும் வேறொரு சேவை நிறுவனத்தின் சர்வர் சரியாக அமைக்கப்படாததே வாசலாக இருந்தது என்று பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று தெரிவித்தது.

2025 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸின் துணை நிறுவனமான ஜாகுவார் லேண்ட் ரோவர் தாக்கப்பட்டு, ஒரு மாதத்துக்கும் மேலாக உற்பத்தி முடங்கியது. பிரிட்டனுக்கு ஏற்பட்ட மொத்த நஷ்டம் 190 கோடி பவுண்டு என்றும், 5,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன என்றும் அந்நாட்டு சைபர் கண்காணிப்பு மையம் கணக்கிட்டது. அவற்றுள் உதிரிபாகம் தரும் சிறு நிறுவனங்கள் ஆர்டர் இல்லாமல் தவித்தன. பெரிய ஆலையை நம்பிச் சிறு பட்டறைகள் வாழும் ஓசூர் போன்ற ஊருக்கு இதைவிட நெருக்கமான எச்சரிக்கை தேவையில்லை.

நம் கடைகளில் உள்ள ஓட்டைகள்

இனி நம் வீட்டுக்குள் பார்ப்போம். சிறு கம்ப்யூட்டர் கடைகளில் பொதுவாகக் காணப்படும் பலவீனங்கள் நான்கு.

முதலாவது, உரிமமில்லாத மென்பொருள். "பில்லில் விண்டோஸ் வேண்டாம், நீங்களே போட்டுக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளரே கேட்கிறார். நாமும் போட்டுக் கொடுக்கிறோம். பூட்டை உடைத்த மென்பொருளோடு வேறு என்னென்ன உள்ளே வருகிறது என்பது போடுகிறவருக்கே தெரியாது. இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி. ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரஸ் என்று கருதப்படும் 'பிரெய்ன்' 1986இல் லாகூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையிலிருந்துதான் புறப்பட்டது. கடை நடத்திய சகோதரர்கள் இருவர், தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களைக் கண்டுபிடிக்க அதை எழுதி, கடை முகவரியையும் போன் நம்பரையும் அதற்குள்ளேயே வைத்தார்கள். பிளாப்பி மூலம் அது உலகம் சுற்றியது. கடையில் ஆரம்பிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி.

இரண்டாவது, மாற்றாத பாஸ்வேர்டு. கேமராப் பெட்டியையும் ரூட்டரையும் மாட்டிவிட்டு, கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டையே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். 2016இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், இப்படிப்பட்ட ஏறத்தாழ 60 பழகிய பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அவற்றை ஏவி அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பிரபலமான பல இணைய சேவைகளை முடக்கினார்கள்.

மூன்றாவது, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சாவி. ஏ.எம்.சி. எனப்படும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் கடைகள், வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரைக் கடையிலிருந்தே இயக்கிப் பழுது பார்க்கும் மென்பொருளைப் போட்டு வைக்கின்றன. வசதிதான், தவறில்லை. ஆனால் நாற்பது இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து, அது வேலை பார்க்கும் எல்லாப் பையன்களுக்கும் தெரிந்திருந்தால், கடையில் ஒரு கம்ப்யூட்டர் கெட்டால் நாற்பது அலுவலகமும் கெட்டது போலத்தான்.

நான்காவது, சரக்கின் மூலம் தெரியாமை. அமெரிக்காவில் சீனா, ஹாங்காங்கிலிருந்து போலி சிஸ்கோ நெட்வொர்க் சாதனங்களை வரவழைத்து, குறைந்தது 19 கம்பெனிப் பெயர்களில் விற்ற ஒருவருக்கு 2024இல் ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் போலிகள் மருத்துவமனைகளுக்கும் ராணுவத்துக்கும்கூடப் போயிருந்தன. வாங்கியவர்களைக் கவர்ந்தது குறைந்த விலைதான்.

உலகம் போடும் மதிப்பெண்

நிறுவனங்களின் சைபர் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் வெளிநாட்டில் உள்ளன. பிட்சைட் என்ற நிறுவனம் 250 முதல் 900 வரை எண் கொடுக்கிறது, நம் சிபில் மதிப்பெண்ணைப் போல. செக்யூரிட்டி ஸ்கோர்கார்டு என்ற நிறுவனம் பள்ளிக்கூடம் போல ஏ, பி, சி, டி, எஃப் என்று தரம் பிரிக்கிறது. இவர்கள் கம்பெனிக்குள் வந்து சோதிப்பதில்லை. இணையத்தில் வெளியே தெரிவதை வைத்தே கணக்கிடுகிறார்கள்: வெப்சைட்டில் பழைய மென்பொருள் இருக்கிறதா, திறந்து கிடக்கும் வாசல்கள் உண்டா, கம்பெனி பெயரில் பிறர் போலி மெயில் அனுப்ப முடியுமா, ஊழியர்களின் பாஸ்வேர்டு எங்காவது கசிந்திருக்கிறதா என்பவை போல.

இந்த முறையை நம் ஊர்க் கடைக்கு அப்படியே பொருத்த முடியாது. சொந்த வெப்சைட் இல்லாமல், இலவச மெயில் முகவரியோடு நடக்கும் கடையில் வெளியிலிருந்து பார்க்க எதுவுமே இல்லை. பார்க்க ஒன்றுமில்லை என்பதால் குறையும் தெரியாது. வாசலில் பெயர்ப்பலகை இல்லாத கடையில் திருட்டுச் சரக்கு இல்லை என்று முடிவு கட்ட முடியுமா?

சான்றிதழ்களும் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 27001 என்பது தகவல் பாதுகாப்புக்கான உலகத் தரம். 2022இல் திருத்தி வெளியிடப்பட்டது. மோட்டார் தொழிலில், குறிப்பாக ஜெர்மன் கம்பெனிகளுக்குச் சரக்கு அனுப்புவோரிடம் டைசாக்ஸ் மதிப்பீடு கேட்கப்படுகிறது. ஆனால் மூன்று பேர் வேலை பார்க்கும் கடை இவற்றுக்குச் செலவு செய்வது கட்டுப்படியாகாது. பிரிட்டன் 2014இல் சிறு நிறுவனங்களுக்கென்று ஐந்தே கட்டுப்பாடுகள் கொண்ட எளிய சான்றிதழைக் கொண்டுவந்தது. நம் நாட்டின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 2025இல் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 15 அடிப்படைக் கட்டுப்பாடுகளை வெளியிட்டது. நமக்கு ஏற்ற எடைக்கல் இந்த வகையைச் சேர்ந்ததே.

பத்துக் கேள்வித் தராசு

மேற்கண்டவற்றின் சாரத்தை எடுத்து, நம் ஊர் வியாபாரத்துக்குப் பொருந்தும்படி பத்துக் கேள்விகளைக் கீழே தருகிறோம். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். ஆதாரம் காட்டினால் 10, பாதி செய்திருந்தால் 5, இல்லையென்றால் 0. வாய்ச் சொல்லுக்கு மதிப்பெண் இல்லை.

1. சரக்கு: அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்கிய பில் உண்டா? விற்பனை பில்லில் சீரியல் நம்பர் போடுகிறாரா?

2. உரிமம்: விண்டோஸ் முதலிய மென்பொருள்கள் உரிமத்தோடு, பில்லோடு வருகின்றனவா?

3. பாஸ்வேர்டு: கேமரா, ரூட்டர் மாட்டியவுடன் பழைய பாஸ்வேர்டை மாற்றி, புதியதை மூடிய உறையில் உரிமையாளரிடம் தருகிறாரா?

4. தொலைவழி இணைப்பு: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு உண்டா? போனுக்கு வரும் இரண்டாவது சோதனை உண்டா? வேலை முடிந்ததும் இணைப்பு அணைக்கப்படுகிறதா?

5. ஊழியர்: ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் உண்டா? ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே அவர் கையிலிருக்கும் சாவிகள் ரத்தாகின்றனவா?

6. பழுதுக்கு வரும் பெட்டி: எழுத்து மூலம் ரசீது தருகிறாரா? பழைய ஹார்டு டிஸ்க்கை அழித்துத் தருகிறாரா, அல்லது அப்படியே அடுத்தவருக்கு விற்கிறாரா?

7. அப்டேட்: வாடிக்கையாளரின் இயந்திரங்களில் எது எப்போது அப்டேட் ஆனது என்ற பட்டியல் உண்டா? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்பு பெறாத இயந்திரங்கள் எவை என்று அவருக்குத் தெரியுமா?

8. பேக்கப்: கணக்கு விவரங்களின் நகல் ஒன்று கம்ப்யூட்டரிலிருந்து பிரித்துத் தனியே வைக்கப்படுகிறதா? அந்த நகலைத் திரும்ப ஏற்றிப் பார்த்துச் சோதித்த தேதி எது?

9. பணமும் மெயிலும்: வங்கிக் கணக்கு எண் மாறினால் போனில் உறுதி செய்த பிறகே ஏற்கும் வழக்கம் உண்டா? கடையின் மெயிலுக்கு இரட்டைப் பூட்டு உண்டா?

10. ஆபத்துக் காலம்: தன் கடையிலேயே திருட்டு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் வாடிக்கையாளருக்குச் சொல்வார்? யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தாள் சுவரில் ஒட்டியிருக்கிறதா?

ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சப்ளையர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒருவர் பெட்டியை விற்றுவிட்டுப் போகிறவர். இன்னொருவர் விற்ற பிறகும் நம் சாவியைக் கையில் வைத்திருப்பவர். முன்னவருக்கு 1, 2, 6, 9, 10 ஆகிய ஐந்து கேள்விகளே போதும். அவரை 50க்கு எடை போடலாம். பின்னவரைப் பத்திலும் நிறுத்த வேண்டும். இருவரையும் ஒரே தட்டில் வைத்தால் எடை பொய்த்துவிடும்.

மூன்று கடைகள்: ஒரு மாதிரிக் கணக்கு

விளக்கத்துக்காக மூன்று கற்பனைக் கடைகளை எடுத்துக் கொள்வோம்.

முதல் கடை, பெங்களூரில் மொத்த வியாபாரம். பெட்டியை மட்டும் விற்பவர். பில்லும் உரிமமும் சுத்தம், பணம் வாங்கும் முறையும் சுத்தம்: மூன்றுக்கும் 30. வாரண்டிக்குத் திரும்ப வரும் டிஸ்க் விஷயத்தில் அரைகுறை: 5. ஆபத்துக் கால ஏற்பாடும் அரைகுறை: 5. மொத்தம் 50க்கு 40. நூற்றுக்கு 80.

இரண்டாவது கடை, ஓசூர் பாகலூர் ரோட்டில். நான்கு ஊழியர்கள், 40 ஏ.எம்.சி. வாடிக்கையாளர்கள். சரக்கு 10, உரிமம் 10. பாஸ்வேர்டு மாற்றுவது சில இடத்தில் மட்டும் 5. எல்லாருக்கும் ஒரே தொலைவழி பாஸ்வேர்டு, ஆகவே 0. வேலையை விட்டுப் போன பையனுக்கும் அது தெரியும், ஆகவே 0. பழுதுப் பெட்டி 5, அப்டேட் 5, பேக்கப் 5, மெயில் 5. ஆபத்துக் காலத்துக்கு எதுவும் இல்லை, 0. மொத்தம் 45.

மூன்றாவது கடை, கிருஷ்ணகிரியில் ஒருவரே நடத்துவது. 12 வாடிக்கையாளர்கள். சில உதிரிகளுக்கு மூலம் தெரியாததால் சரக்கு 5. உரிமம் 10, பாஸ்வேர்டு 10, தொலைவழி 10. ஊழியர் இல்லை என்பது நல்லது. ஆனால் அவருக்கு உடம்பு சரியில்லையென்றால் மாற்று ஆள் இல்லை, ஆகவே 5. பழுதுப் பெட்டி 10. அப்டேட், பேக்கப், மெயில், ஆபத்துக் காலம் நான்கும் 5 வீதம் 20. மொத்தம் 70.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, கடை சிறியது என்பதால் பாதுகாப்பில் பின்தங்கியது என்று பொருளல்ல. இரண்டு, இரண்டாவது கடைக்காரர் பாஸ்வேர்டுகளைப் பிரித்து, ஆட்களுக்குத் தனி அடையாளம் கொடுத்து, ஒரு தாளைச் சுவரில் ஒட்டினாலே 30 கூடி 75க்கு வந்துவிடுவார். அதற்குத் தேவை ஒரு வார உழைப்பு, பெரிய முதலீடு அல்ல. மூன்று, மொத்த மதிப்பெண் சில சமயம் ஏமாற்றும். சாவி வைத்திருப்பவர் நான்காவது கேள்வியில் பூஜ்யம் வாங்கினால், மற்ற ஒன்பதிலும் முழு மதிப்பெண் வாங்கி 90 எடுத்தாலும் அவரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது. பால் எவ்வளவு நல்லதானாலும் அதில் ஒரு சொட்டு மோர் விழுந்தால் என்னாகும் என்பது நமக்குத் தெரியும்.

விலைப் பட்டியலில் தெரியாத செலவு

இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 20 கம்ப்யூட்டர்கள், ஒன்றுக்கு ரூ.1,500 வித்தியாசம். குறைந்த விலைக்காரரிடம் வாங்கினால் ரூ.30,000 மிச்சம். ஆனால் ரான்சம்வேர் புகுந்து, பட்டறை மூன்று நாள் நின்றால், 20 தொழிலாளருக்கு நாள் ஒன்றுக்கு ரூ.700 வீதம் கூலி மட்டுமே ரூ.42,000. பில் போட முடியாமல் நின்ற சரக்கு, ஆலை விதிக்கும் தாமத அபராதம், ஜி.எஸ்.டி. கணக்கை மீண்டும் பதிவு செய்யும் செலவு ஆகியவை இதில் சேரவில்லை. மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று?

கடைக்காரர்களும் இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லக் கற்றுக் கொள்ள வேண்டும். விலையில் பெங்களூரு மொத்த வியாபாரியோடு போட்டி போட்டு நம்மால் ஜெயிக்க முடியாது. நம்பிக்கையில் போட்டி போட்டால் ஜெயிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் நடவடிக்கைப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அளித்திருந்த அவகாசமும் அதே ஆண்டு செப்டம்பரில் முடிந்துவிட்டது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். அது உச்ச வரம்பு. ஆனாலும் வாடிக்கையாளரின் ஹார்டு டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பவர் அதை இனி வெறும் உதிரிபாகமாக நினைக்க முடியாது.

கேமரா விற்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2024 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின் தொடர்ச்சியாக, 2025 ஏப்ரல் 9 முதல் சி.சி.டி.வி. கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. கொள்முதலின்போது மாடல் நம்பருக்குரிய சான்றைக் கேட்டு வாங்கிப் பில்லோடு வைத்துக் கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய சரக்கை மொத்தமாக எடுத்துவிட்டுப் பின்னால் வருந்த வேண்டாம்.

பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். இது நாடு முழுவதற்கும் ஒரே எண். கடை ஓசூரில், வங்கிக் கணக்கு பெங்களூரில், எந்தப் போலீஸுக்குப் போவது என்று தயங்க வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். எல்லையோர வணிகர்களான நமக்கு இது பெரிய வசதி.

இன்னொரு வசதி: நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். மூலம் பணம் அனுப்பும் முன் கணக்குக்கு உரியவரின் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாட்டை 2025 ஏப்ரல் 1க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கூறியது. "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது" என்று சப்ளையர் பெயரில் மெயில் வந்தால், பெயரைச் சரிபார்த்து, பழைய போன் நம்பரில் பேசிய பிறகே அனுப்புங்கள். அந்த மெயிலிலேயே கொடுத்திருக்கும் நம்பரில் பேசிப் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியது

வாங்குகிற உறுப்பினர்கள், அடுத்த முறை கொட்டேஷன் கேட்கும்போது மேற்கண்ட பத்துக் கேள்விகளையும் சேர்த்து அனுப்புங்கள். விலைக்கு ஒரு பத்தி இருப்பது போல மதிப்பெண்ணுக்கும் ஒரு பத்தி இருக்கட்டும். பதில் சொல்லத் தயங்குகிறவரை உடனே தள்ளிவிட வேண்டாம். மூன்று மாத அவகாசம் கொடுத்து மறுபடி எடை போடுங்கள். பல வருடமாகப் பழகியவரை ஒரு தாளுக்காகக் கைவிடுவது வணிக தர்மமல்ல. அதே போல, பழகியவர் என்பதற்காகப் பூஜ்யத்தைப் பத்தாக எழுதுவதும் தர்மமல்ல.

விற்கிற உறுப்பினர்கள், வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து உங்கள் கடைக்கு நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள். முதலில் நான்காவது, ஐந்தாவது கேள்விகளைச் சரி செய்யுங்கள். பிறகு பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். ஏ.எம்.சி. ஒப்பந்தத்தில், "தொலைவழி இணைப்பு வாடிக்கையாளர் அனுமதித்த நேரத்தில் மட்டும், எங்கள் கடையில் சம்பவம் நடந்தால் அன்றே தெரிவிப்போம்" என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு வரி பெங்களூரு கம்பெனியின் கொட்டேஷனில் இருக்கிறதா என்று வாடிக்கையாளரே ஒப்பிட்டுப் பார்ப்பார்.

வணிகர் சங்கங்களும், ஹோஸ்டியா போன்ற சிறுதொழில் சங்கங்களும் சேர்ந்து இந்தப் பத்துக் கேள்விகளை ஒரே படிவமாக்கலாம். ஒவ்வொரு ஆலையும் ஒவ்வொரு விதமான கேள்வித்தாளை நீட்டினால் சிறு கடைக்காரர் பதில் எழுதியே களைத்துப் போவார். ஊருக்கு ஒரு பொதுப் படிவம், ஆண்டுக்கு ஒரு முறை சோதனை, அதற்குச் சங்கத்தின் ஒரு சான்று என்று ஏற்பாடு செய்தால் செலவும் குறையும், மதிப்பும் கூடும்.

எடைக்கல்லை முத்திரைக்குக் கொண்டுபோகும் நாளில் கடைக்காரர் யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. முத்திரை விழுந்த கல்லைக் கல்லாவுக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிறார். சைபர் பாதுகாப்புச் சோதனையையும் நமது உறுப்பினர்கள் அந்த மனநிலையோடு ஏற்க வேண்டும். மதிப்பெண் 45 என்று வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டும் அதே 45 என்று வந்தால்தான் வெட்கப்பட வேண்டும்.